ஊர்த் தளத்தில் யார் பார்க்கலாம், யார் மாற்றலாம்?

தம்பி, நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்டபடி ஒருமுறை சொல்லிக்கொள்கிறேன். நம் நகரத்தார் ஊர்ச் சங்கத்துக்கு, வேர்ட்பிரஸ் என்ற தளம் கட்டும் மென்பொருளில் ஒரு தளம். புள்ளிகளின் விவரம் (கோயில் கணக்கில் கல்யாணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி), நகரச் சிவன் கோயில் திருப்பணிக் கணக்கு, விழா அறிவிப்புகள், பழைய வீடுகளின் படங்கள் எல்லாம் அதில் ஏறியிருக்கின்றன. ஊரிலும் சென்னையிலும் சிங்கப்பூரிலுமாக ஒன்பது பேர் ஒரே அட்மின் பாஸ்வேர்டை வைத்து வேலை பார்க்கிறீர்கள். மூன்று வாரத்துக்கு முன் முகப்புப் பக்கம் காணாமல் போனது. யார் கை பட்டது என்று தெரியவில்லை. கேட்டால் மனத்தாங்கல் வருமென்று யாரும் கேட்கவும் இல்லை. இனிமேல் யார் எதைப் பார்க்கலாம், யார் எதை மாற்றலாம் என்று பிரித்து வைக்க வேண்டும். எப்படி?

பிரிப்பதற்கு முன்னால் ஓர் அவசர வேலை. வேர்ட்பிரஸில் அழித்த பக்கம் உடனே போய்விடாது. ட்ராஷ் என்ற குப்பைத் தொட்டியில் 30 நாள் கிடக்கும், அதற்குப் பிறகுதான் தானாகக் கழியும். மூன்று வாரம் என்கிறீர்கள். இன்றைக்கே உள்ளே போய் 'பேஜஸ்' பகுதியில் ட்ராஷைத் திறந்து பாருங்கள். பக்கம் இருந்தால் 'ரீஸ்டோர்' அழுத்துங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

இனி விஷயத்துக்கு வருவோம். பார்ப்பதற்கு ஒரு பூட்டு, மாற்றுவதற்கு வேறு பூட்டு. இந்த இரண்டையும் ஆளைப் பார்த்துக் கொடுக்காமல் வேலையைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். வேலைக்கு இன்னின்ன அனுமதி என்று முதலில் எழுதி வைத்துவிட்டு, பிறகு அந்த வேலையில் ஆளை உட்கார வைக்க வேண்டும். ஆள் மாறினாலும் அனுமதி அந்த இடத்திலேயே இருக்கும். இதைத்தான் ரோல் என்கிறார்கள். 1992ல் அமெரிக்காவின் நிஸ்ட் என்ற தர நிர்ணய நிறுவனத்தில் டேவிட் ஃபெராயோலோ, ரிச்சர்ட் குன் என்ற இருவர் இதை ஒரு முறையாக எழுதினார்கள். பெயர்தான் அப்போது வந்தது. பழக்கம் நம் வீடுகளிலும் கடைகளிலும் அதற்கு வெகுகாலம் முன்பே இருந்தது.

எங்கள் வீட்டையே சொல்கிறேன். ஏழு பங்காளிகளுக்குப் பொதுவான வீடு. முகப்பில் யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், தண்ணீர் கேட்டுக் குடிக்கலாம். வளவுக்குள், அதாவது நடு முற்றமும் தாழ்வாரமும் உள்ள உள்கட்டுக்குள், வீட்டு ஆட்களும் உறவுக்காரர்களும் வருவார்கள். வளவைச் சுற்றி இருக்கிற அறைகள் புள்ளிக்கு இத்தனை என்று பிரித்தவை, அவரவர் அறைக்கு அவரவர் பூட்டு. வீட்டைப் பார்த்துக்கொள்கிற அம்மாவிடம் பெரிய கதவுச் சாவி இருக்கிறது. தினமும் திறந்து வளவைக் கூட்டிப் பெருக்குகிறார், ஆனால் ஓர் அறையையும் அவரால் திறக்க முடியாது. என் அறையை நான் திறப்பேன். பக்கத்து அறை என் சித்தப்பா மகனுடையது, அதை நான் திறக்க முடியாது. சிறு வயதில் ஒரே பாயில் படுத்து வளர்ந்தவர்கள்தான், இருந்தாலும் முடியாது. அதில் இருவருக்கும் வருத்தம் கிடையாது. தளத்தில் யார் எதைப் பார்க்கலாம் என்ற கேள்விக்கு இந்த வீடு முழுப் பதில். அறிவிப்புகளும் கோயில் வரலாறும் முகப்பு. புள்ளிப் பட்டியலும் வரவுசெலவும் வளவு. ஒரு குடும்பத்தின் போன் நம்பர், பிள்ளைகள் விவரம் அறைக்குள். நீங்கள் இப்போது வைத்திருப்பதோ எல்லா அறையையும் திறக்கிற ஒரே சாவி, அதன் ஒன்பது நகல்.

மாற்றுவதற்கு வீடு உதாரணம் ஆகாது, கடை பொருந்தும். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் நம்மவர்கள் கொண்டுவிற்க, அதாவது வட்டித் தொழிலுக்கு, போன காலத்தில் ஒரு கடையில் பெட்டியடிப் பையன் இருப்பான், அடுத்தாள் இருப்பார், மேலாள் இருப்பார். முதலாளி ஊரில் இருந்து ஐந்தொகையை (வரவுசெலவு இருப்புக் கணக்கை) வாங்கிப் பார்ப்பார். பையன் எடுபிடி வேலை பார்த்துத் தொழில் பழகுவான். அடுத்தாள் கணக்கு எழுதுவார். கடையின் பேரில் கையெழுத்துப் போடுகிற பவர் மேலாளுக்குத்தான், அதையும் முதலாளி எழுத்து மூலம் கொடுத்திருப்பார். பெரும்பாலும் மூன்று வருடக் கணக்கு. முடிந்ததும் அடுத்து வருகிறவரிடம் பெட்டியையும் பேரேட்டையும் ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்புவார். எவ்வளவு நம்பிக்கையான ஆளாக இருந்தாலும் கணக்கு முடிந்தால் பவரும் முடிந்தது.

வேர்ட்பிரஸில் தயாராக இருக்கிற ஐந்து ரோல்களை இந்தக் கடைக்குள் வைத்துப் பார்த்தால் எளிதில் பிடிபடும். சப்ஸ்கிரைபர் உள்ளே வரலாம், தன் பெயர் பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளலாம், அவ்வளவுதான். கான்ட்ரிபியூட்டர் எழுதலாம், வெளியிட முடியாது. எழுதி முடித்துப் பார்வைக்கு அனுப்பி வைப்பார், அது வெளியான பிறகு அவரே அதைத் திருத்த முடியாது. ஆத்தர் தான் எழுதியதைத் தானே வெளியிடலாம், திருத்தலாம், அழிக்கலாம், பிறர் எழுதியதைத் தொட முடியாது. பக்கங்களையும் தொட முடியாது, பதிவுகளை (தேதியோடு வரும் செய்திகளை) மட்டும்தான். எடிட்டர் எல்லார் எழுத்தையும் எல்லாப் பக்கத்தையும் திருத்தலாம், அழிக்கலாம். அட்மினிஸ்ட்ரேட்டர் அதற்கு மேல் தளத்தின் அமைப்பையே மாற்றலாம், ஆளைச் சேர்க்கலாம், நீக்கலாம்.

உங்கள் ஒன்பது பேரில் எத்தனை பேருக்கு அட்மின் வேண்டும் என்று கேட்டால் என் பதில் இரண்டு. ஒன்று போதாது. அந்த ஒருவர் போனைத் தொலைத்தாலோ உடம்புக்கு முடியாமல் படுத்தாலோ தளம் அப்படியே நின்றுவிடும். மூன்று தேவையில்லை. இரண்டு பேரும் ஒரே வீட்டில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டு பேருக்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பு (பாஸ்வேர்டோடு போனில் வரும் எண்ணையும் கேட்பது) போடுங்கள். அவர்களும் தினசரி அறிவிப்பு போடுவதற்குத் தனியாக ஓர் எடிட்டர் கணக்கு வைத்துக்கொண்டால் நல்லது. காலையில் ஓர் அறிவிப்பைத் திருத்துவதற்கு அட்மின் கணக்கில் நுழைவது, பால் கணக்கைப் பார்க்கப் பெட்டகத்தைத் திறந்து வைப்பது போன்றது.

எடிட்டர் ரோலைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பெயரைப் பார்த்து, பிழை திருத்துகிறவர் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். சாதாரண ஒற்றைத் தளத்தில் எடிட்டருக்குப் பக்கத்துக்குள் எந்த நிரல் வரியையும் ஒட்டுகிற அனுமதி உண்டு. அவர் பாஸ்வேர்ட் வெளியே போனால், பக்கத்தைப் பார்க்க வருகிற எல்லார் கணினியிலும் ஓடுகிற மாதிரி ஒன்றை எவனாவது அங்கே வைக்க முடியும். ஆகவே அறிவிப்பு எழுதுகிற இளைஞர்களுக்கு எடிட்டர் வேண்டாம். அவர்களுக்குக் கான்ட்ரிபியூட்டர் கொடுங்கள், எழுத்தைப் பார்த்து வெளியிட ஊரில் இருக்கிற ஒருவரை எடிட்டராக வையுங்கள்.

கான்ட்ரிபியூட்டர் கொடுத்த முதல் வாரத்திலேயே பிள்ளைகள் போன் பண்ணுவார்கள், படம் ஏற்ற முடியவில்லை என்று. அந்த ரோலுக்கு வேர்ட்பிரஸ் படம் ஏற்றும் அனுமதி தருவதில்லை. நம் ஊர் விழாவைப் படம் இல்லாமல் எழுதுவது யாருக்கும் பிடிக்காது. 'யூசர் ரோல் எடிட்டர்', 'மெம்பர்ஸ்' என்ற இரண்டு பிளகின்களில் (வேர்ட்பிரஸோடு கூடுதலாகச் சேர்க்கிற நிரல்களில்) ஒன்றைப் போட்டுப் புதிதாக ஒரு ரோல் உண்டாக்குங்கள். கான்ட்ரிபியூட்டருக்கு உள்ளதையெல்லாம் கொடுத்து, 'அப்லோட் ஃபைல்ஸ்' என்ற ஓர் அனுமதியை மட்டும் கூடச் சேருங்கள். ரோலுக்குத் தமிழிலேயே 'செய்தி எழுதுபவர்' என்று பெயர் வைக்கலாம். ஆனால் படம் ஏற்றுகிறவர் படங்களும் கோப்புகளும் சேர்கிற மீடியா லைப்ரரியில் எல்லாரும் ஏற்றிய எல்லாவற்றையும் பார்ப்பார். திருத்த முடியாது, பார்க்க முடியும். நீங்கள் அங்கே திருப்பணி ரசீதுகளையோ புள்ளிப் பட்டியலையோ போட்டு வைத்திருந்தால் அதுவும் அவர் கண்ணில் படும். கோப்புகளைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன், அங்கேதான் நான் ஒருமுறை பட்டேன்.

அதற்கு முன் பெரியவர்கள் விஷயம். நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்களுக்கு இதுதான் முதல் கஷ்டமாக இருக்கும். சில வருடங்களுக்கு முன் ஒரு சங்கத்துக்கு ரோல் பிரித்துக்கொண்டிருந்தேன். தலைவருக்கு எழுபது வயதுக்கு மேல். அவர் வீட்டு வளவில் உட்கார்ந்து, ஒரு கட்டுத் தாளில் வேலை, ஆள், அனுமதி என்று மூன்று பத்தி போட்டு எழுதி அவரிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டு விரலால் வரி வரியாகப் பார்த்தார். தன் பெயருக்கு நேரே அட்மின் இல்லை என்றதும் தாளை மடியில் வைத்துவிட்டார். "தலைவர் நான், பையன் ஒருத்தனுக்கு இருக்கிற சாவி எனக்கு இல்லையா?" என்றார். "ஐயா, இந்தத் தளத்தில் நீங்கள் பார்க்க முடியாதது ஒன்றும் இல்லை, அப்படித்தான் வைத்திருக்கிறேன். அட்மின் என்பது மெயின் போர்டு இருக்கிற அறைச் சாவி. ஒயர் தெரிந்தவன்தான் அங்கே போக வேண்டும்" என்றேன். கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, எலெக்ட்ரீஷியன் நிற்கிற இடத்தில் எனக்கு என்ன வேலை. கணக்கு மட்டும் எனக்குத் தெரிகிற மாதிரி வை" என்றார். அன்றைக்கு அவருக்காக ஒரு ரோல் உண்டாக்கினேன். எல்லாவற்றையும் பார்க்கலாம், எதையும் மாற்ற வேண்டியதில்லை. ஊரில் இருந்து ஐந்தொகை பார்க்கிற முதலாளியின் இடம் அது. உங்கள் பெரியவர்களுக்கும் அதைச் செய்யுங்கள். மரியாதையை அனுமதியோடு கலந்தால் இரண்டும் கெடும்.

வேர்ட்பிரஸும் ஆரம்பத்தில் அப்படிக் கலந்து பார்த்ததுதான். அப்போது ஒவ்வொருவருக்கும் 0 முதல் 10 வரை ஒரு படி எண் இருக்கும். எண் கூடினால் அதிகாரம் கூடும். 2005 டிசம்பரில் வந்த 2.0 பதிப்பில் அதைக் கைவிட்டு, எந்தச் செயலுக்கு யாருக்கு அனுமதி என்ற இப்போதைய முறைக்கு வந்தார்கள். 'உறுப்பினர்களுக்கு ஏ, பி, சி என்று தரம் போடலாமா' என்று உங்கள் கூட்டத்தில் யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

அடுத்தது பார்ப்பதற்கான பூட்டு. வேர்ட்பிரஸ் முதலில் எழுதுவதற்காகப் பிறந்தது, அதனால் மாற்றும் பூட்டுகள் அதில் வலுவாக இருக்கும், பார்க்கும் பூட்டுகள் குறைவு. ஒரு பக்கத்துக்கு மூன்று நிலைதான்: எல்லாருக்கும் திறந்தது, பாஸ்வேர்ட் போட்டது, 'பிரைவேட்'. பாஸ்வேர்ட் போட்ட பக்கம் ஒரே ஒரு சொல்லில் திறக்கும். அந்தச் சொல் ஒருநாள் குடும்ப வாட்ஸாப் குரூப்புக்குப் போகும், அங்கிருந்து எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. உறுப்பினர் பக்கங்களுக்கு இதை வைக்காதீர்கள். 'பிரைவேட்' என்று வைத்தால் எடிட்டரும் அட்மினும்தான் பார்க்க முடியும், சப்ஸ்கிரைபர் பார்க்க முடியாது. ஆனால் 'புள்ளி' என்று புது ரோல் உண்டாக்கி அதற்கு 'ரீட் பிரைவேட் பேஜஸ்' அனுமதி கொடுத்தால், உள்ளே நுழைந்த உறுப்பினர்கள் அந்தப் பக்கங்களைப் பார்க்கலாம், மாற்ற முடியாது. சிறிய சங்கத்துக்கு இதுவே போதும். வேறு எந்தப் பெரிய ஏற்பாடும் வேண்டியதில்லை.

இதில் ஒரு குறை. அந்த அனுமதி இருந்தால் எல்லாப் பிரைவேட் பக்கமும் தெரியும். உங்களுக்கு உறுப்பினர் பார்க்கிறது வேறு, காரியக்காரர்கள் (கோயில் நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்கள்) மட்டும் பார்க்கிறது வேறு என்று இரண்டு அடுக்கு இருப்பதால் இது போதாது. 'மெம்பர்ஸ்' பிளகினில் ஒவ்வொரு பக்கத்துக்கும் கீழே எந்த ரோல் பார்க்கலாம் என்று டிக் போடுகிற இடம் இருக்கிறது, அதை வைத்துச் செய்யுங்கள். ஒருவர் உறுப்பினராகவும் இருப்பார், செய்தி எழுதுபவராகவும் இருப்பார். வேர்ட்பிரஸின் திரையில் ஓர் ஆளுக்கு ஒரு ரோல்தான் தேர்ந்தெடுக்க முடியும், இந்தப் பிளகின் போட்டால் இரண்டு மூன்று கொடுக்கலாம்.

தளத்தையே புதிதாகக் கட்டுவதாக இருந்தால், வேர்ட்பிரஸ் போன்ற இன்னொரு மென்பொருளான ட்ரூபலைப் பரிசீலியுங்கள் என்பேன். அங்கே ஒருவருக்குப் பல ரோல் என்பது முதலிலிருந்தே உண்டு, அனுமதிகள் கூடிக்கொண்டு போகும். 'தன்னுடையதைத் திருத்தலாம்', 'எல்லாருடையதையும் திருத்தலாம்' என்று தனித்தனிக் கட்டம் இருக்கும். ஜூம்லா என்ற மூன்றாவது மென்பொருளில் மறுப்பு என்று ஒன்று தனியாக உண்டு. ஒரு குரூப்பில் மறுத்துவிட்டால் இன்னொரு குரூப்பில் அனுமதித்தும் பயனில்லை, மறுப்பே நிற்கும். அது தெரியாமல் பலர் மணிக்கணக்கில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். இருக்கிற வேர்ட்பிரஸ் ஓடிக்கொண்டிருந்தால் இதற்காக மட்டும் மாற்ற வேண்டாம்.

இப்போது கோப்புகள். இதை நிதானமாகப் படியுங்கள்.

ஒரு சங்கத்துக்குப் புள்ளிப் பட்டியலை பிடிஎஃப் ஆக ஏற்றிக் கொடுத்தேன். குடும்பத் தலைவர் பெயர், கோயில் பிரிவு, முகவரி, போன், பிள்ளைகள் பெயர், வயது, நட்சத்திரம் எல்லாம் அதில் இருந்தது. பக்கத்துக்கு உறுப்பினர் பூட்டு போட்டேன், வெளியாள் கணக்கில் நுழைந்து பார்த்தேன், பக்கம் திறக்கவில்லை. முடிந்தது என்று வந்துவிட்டேன். ஐந்தாறு மாதம் கழித்து ஓர் ஆச்சி போன் பண்ணினார்கள். "ஏப்பா, யாரோ ஒருத்தன் கூப்பிட்டு ஜாதகம் இருக்கான்னு கேட்கிறான். பேத்தி நட்சத்திரத்தை அவனே சொல்றான். நாம அதை யாருக்குக் கொடுத்தோம்?" அவர்கள் குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. அன்று ராத்திரி கூகுளில் அவர்கள் வீட்டுப் பெயரை அடித்துப் பார்த்தேன். மூன்றாவது வரியில் அந்தப் பிடிஎஃப் நின்றது. அழுத்தினேன், திறந்தது. எந்தப் பூட்டும் இல்லை.

காரணம் இதுதான். நான் பூட்டியது பக்கத்தை. பிடிஎஃப் இருந்தது வேறு இடத்தில். வேர்ட்பிரஸ் எல்லாக் கோப்பையும் 'அப்லோட்ஸ்' என்ற திறந்த ஃபோல்டரில் வருடம், மாதம் என்று பிரித்து வைக்கிறது. அதன் முகவரி தெரிந்தவர் நேரே போய் எடுத்துக்கொள்ளலாம். அந்த வழியில் வேர்ட்பிரஸே குறுக்கே வராது, சர்வர் தன் பாட்டுக்குக் கோப்பைக் கொடுத்துவிடும். ரோல், பிளகின் எதுவும் கேட்கப்படாது. உறுப்பினர் ஒருவர் அந்த லிங்கை நல்ல எண்ணத்தில் மருமகனுக்கு அனுப்பி, அவர் எங்கோ ஒரு பொதுப் பக்கத்தில் ஒட்டினால் போதும், தேடுபொறி அதைக் கண்டுபிடித்துவிடும்.

இதற்கு வழி கோப்பை அந்த ஃபோல்டரிலேயே வைக்காமல் இருப்பது. ஹோஸ்டிங்கில் (தளம் இருக்கும் வாடகை இடத்தில்) பொது ஃபோல்டருக்கு மேலே, வெளியிலிருந்து முகவரி இல்லாத ஓர் இடத்தில் வையுங்கள். உறுப்பினர் கேட்கும்போது ஒரு சிறிய நிரல் முதலில் அவர் யார், என்ன ரோல் என்று பார்த்துவிட்டுப் பிறகு கோப்பை எடுத்துக் கொடுக்க வேண்டும். இந்த வேலையைச் செய்கிற டவுன்லோட் பிளகின்கள் கிடைக்கின்றன. வாங்கும்போது 'நேர் முகவரியில் போனால் கோப்பு திறக்குமா' என்ற ஒரு கேள்வியை மட்டும் கேளுங்கள். சிலர் ஃபோல்டரில் ஓர் எச்டிஆக்சஸ் கோப்பு (சர்வருக்குக் கட்டளை எழுதிய சிறு கோப்பு) போட்டுத் தடுக்கச் சொல்வார்கள். அப்பாச்சி சர்வராக இருந்தால் அது வேலை செய்யும். என்ஜின்எக்ஸ் என்ற இன்னொரு வகை சர்வர் அந்தக் கோப்பைப் படிப்பதே இல்லை, அங்கே சர்வர் அமைப்பிலேயே எழுத வேண்டும். ட்ரூபலில் 'பிரைவேட் ஃபைல்ஸ்' என்று தனி இடமே இருக்கிறது, அதில் போட்டதற்கு அனுமதி பார்த்துத்தான் கொடுக்கும்.

அந்தப் பிடிஎஃப்பை அன்றிரவே எடுத்துவிட்டேன். கூகுள் தளக்காரர்களுக்காக வைத்திருக்கிற சர்ச் கன்சோலில், தேடலிலிருந்து நீக்கச் சொல்லி விண்ணப்பமும் போட்டேன். எடுத்தவர்கள் கையில் போனது போனதுதான், அதைத் திரும்ப வாங்க வழியில்லை. மறுநாள் அந்த ஆச்சி வீட்டுக்குப் போய் நடந்ததை நேரில் சொன்னேன். அதிலிருந்து ஒரு தளத்தை ஒப்படைக்கும்போது பூட்டிய ஒவ்வொரு கோப்பின் நேர் முகவரியையும் வேறொரு போனில், கணக்கில் நுழையாமல் அடித்துப் பார்க்காமல் நான் எழுந்திருப்பதில்லை.

கோப்பு போலவே வேறு சில பின்வாசல்கள் உண்டு. மெனுவில் காட்டாமல் விட்டால் பக்கம் பூட்டியதாகாது, முகவரி தெரிந்தால் திறக்கும். பக்கத்தைப் பூட்டிய பிறகும் தளத்தின் தேடல் பெட்டியில் அதன் முதல் இரண்டு வரி வரலாம். ஃபீட் (புதுப் பதிவுகளை வெளியே அனுப்பும் பட்டியல்), சைட்மேப் (தேடுபொறிக்கான பக்கப் பட்டியல்), வேர்ட்பிரஸின் ரெஸ்ட் ஏபிஐ முகவரி (பிற நிரல்கள் தகவல் எடுக்கும் வழி) ஆகியவற்றிலும் அது எட்டிப் பார்க்கலாம். நல்ல பிளகின் இவற்றையும் மறைக்கும், ஆனாலும் நீங்கள் கையால் பார்த்துவிடுங்கள். தளம் வேகமாக ஓடுவதற்குக் கேஷ் பிளகின் (பக்கங்களின் நகலைச் சேமித்து வைத்துக் கொடுப்பது) போட்டிருந்தால், நுழைந்தவர்களுக்குக் காட்டும் பக்கத்தை அது சேமித்து வைக்கக் கூடாது என்று அமையுங்கள். இல்லாவிட்டால் உறுப்பினருக்கு உண்டான பக்கத்தை அடுத்து வருகிற வெளியாளுக்கும் எடுத்துக் காட்டிவிடும்.

ரோல் மட்டும் போதாத ஓர் இடம் இருக்கிறது. ஒவ்வொரு குடும்பமும் தன் விவரத்தைத் தானே திருத்திக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறீர்கள். கல்யாணம் ஆகிக் கோயிலில் புதுப் புள்ளி பதிகிறது, வெளிநாட்டு முகவரி மாறுகிறது, அவர்களே எழுதிக்கொண்டால் சங்கத்துக்கு வேலை மிச்சம். நல்ல ஆசை. ஆனால் இங்கே எல்லாருக்கும் ரோல் ஒன்றுதான், 'புள்ளி'. என் அறையா பக்கத்து அறையா என்று அந்த ரோல் சொல்லாது. ஆகவே ஒவ்வொரு பதிவுக்கும் உரியவர் யார் என்று குறித்து வைத்து, திருத்த வரும்போதெல்லாம் நிரல் அதைச் சரிபார்க்க வேண்டும். இதை விட்டுவிட்டுக் கட்டிய தளங்களில் நடப்பதைச் சொல்கிறேன். உங்கள் குடும்பப் பக்கத்தைத் திறக்கிறீர்கள், மேலே முகவரியின் கடைசியில் 214 என்று இருக்கிறது. அதை 215 ஆக்கி எண்டர் தட்டுகிறீர்கள். பக்கத்து வீட்டு விவரம் வருகிறது, கீழே 'சேமி' பொத்தானோடு. இதற்குக் கணினிப் படிப்பு வேண்டாம், பத்து வயதுப் பிள்ளை விளையாட்டாகச் செய்துவிடும். வலைத்தளப் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பு 2021ல் வெளியிட்ட பத்து ஆபத்துகள் பட்டியலில் அனுமதிச் சரிபார்ப்புக் கோளாறுகள் முதலிடத்துக்கு வந்தன, 2017 பட்டியலில் அது ஐந்தாவது இடத்தில் இருந்தது. உங்கள் தளத்தைக் கட்டுகிறவரிடம் இந்த எண் மாற்றும் சோதனையை உங்கள் கண் முன்னால் செய்து காட்டச் சொல்லுங்கள்.

ஆள் மாறும்போது என்ன செய்வது என்பது அடுத்தது. காரியக்காரர் முறை மாறும், செயலாளர் மாறுவார், எழுதுகிற பிள்ளை வேலைக்குப் போய்விடுவான். ஆளுக்கொரு கணக்கு, அவரவர் பெயரில், அவரவர் மின்னஞ்சலில் இருந்தால் மாற்றுவது ஒரு நிமிட வேலை. பழையவரின் ரோலை 'புள்ளி' என்று இறக்கிவிட்டுப் புதியவருக்கு ஏற்றிக் கொடுங்கள். அந்த நொடியிலிருந்து நடைமுறைக்கு வந்துவிடும், பாஸ்வேர்ட் மாற்றி ஒன்பது பேருக்குச் சொல்லி அனுப்ப வேண்டாம். யார் எப்போது எந்தப் பக்கத்தைத் திருத்தினார் என்று 'ரிவிஷன்ஸ்' பகுதியில் பெயரோடு நிற்கும். முகப்புப் பக்கம் இன்னொருமுறை மாறிப் போனால் ஒருவரையும் சந்தேகப்பட வேண்டியதில்லை, மனத்தாங்கலும் இல்லை.

பழையவரின் கணக்கை அழிக்காதீர்கள். அழிக்கப் போனால் வேர்ட்பிரஸ் ஒரு கேள்வி கேட்கும்: அவர் எழுதியதையெல்லாம் சேர்த்து அழிக்கவா, இன்னொருவர் பெயருக்கு மாற்றவா? அவசரத்தில் முதலாவதை அழுத்தி, ஆறு வருட விழாச் செய்திகளை ஒரே அழுத்தில் இழந்த ஒரு சங்கத்தை எனக்குத் தெரியும். எழுதியவர் அந்த வருடம்தான் காலமாகியிருந்தார். பேக்கப்பில் இருந்து பாதிதான் கிடைத்தது. கணக்கு இனி வேண்டாம் என்றால் ரோல் பட்டியலின் அடியில் 'இந்தத் தளத்தில் ரோல் இல்லை' என்ற பொருளில் ஒரு தேர்வு இருக்கும், அதை வையுங்கள். எழுத்து அவர் பெயரிலேயே இருக்கட்டும்.

தளத்துக்கு மேலே இருக்கிற சாவிகளையும் மறக்க வேண்டாம். டொமைன், அதாவது தளத்தின் முகவரிப் பெயர், யார் பெயரில் வாங்கியது, ஹோஸ்டிங் பில் எந்த மின்னஞ்சலுக்கு வருகிறது? அது கட்டிக் கொடுத்தவரின் சொந்த மின்னஞ்சலாக இருந்தால் உள்ளே நீங்கள் பிரித்த ரோல் எல்லாம் அவர் தயவில்தான் நிற்கும். சங்கத்தின் பெயரில் ஒரு மின்னஞ்சல் உண்டாக்கி எல்லாவற்றையும் அதற்கு மாற்றுங்கள். செட்டிங்ஸில் 'யார் வேண்டுமானாலும் பதியலாம்' என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். பதிய வருகிறவரைப் புள்ளிக் கணக்கோடு ஒத்துப் பார்த்து ஊரில் இருக்கிற ஒருவர் சேர்க்கட்டும்.

கடைசியாக என் சொந்த அபிப்பிராயம், இதில் நான் பிடிவாதமாக இருப்பேன். பிள்ளைகளின் நட்சத்திரம், பிறந்த தேதி, படிக்கிற பள்ளி, பழைய இசைகுடிமானம் (கல்யாண ஒப்பந்த எழுத்து), சொத்துப் பத்திர நகல் இவையெல்லாம் எந்த ரோலுக்கும் தெரிய வேண்டியவை இல்லை. தளத்தில் ஏற்றவே வேண்டாம். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவர்களின் விவரத்துக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதத்தைக் கேட்கிறது. அந்தச் சட்டம் இல்லாவிட்டாலும் இதையேதான் சொல்வேன். ஜாதகம் வேண்டுமென்றால் ஆச்சிமார்களிடம் கேட்டால் தெரியும், அவர்கள் யாருக்குச் சொல்லலாம் என்று பார்த்துத்தான் சொல்வார்கள்.

வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள். இன்று ட்ராஷைப் பார்த்து, முழுத் தளத்துக்கும் ஒரு பேக்கப் எடுங்கள். நாளை அப்லோட்ஸில் இருக்கிற பட்டியல், ரசீது, கணக்கு எல்லாவற்றையும் கீழே இறக்கி வெளியே எடுத்து வையுங்கள். பூட்டு தயாராகும் வரை அவை தளத்தில் இல்லாவிட்டால் ஒன்றும் கெட்டுப்போகாது. இந்த வாரக் கடைசியில் ஒன்பது பேருக்கும் தனிக் கணக்கு திறந்து பழைய பொதுக் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள். ரோல் பட்டியலைத் தாளில் எழுதிப் பெரியவர்களிடம் நீங்களே கொண்டு போய்க் காட்டுங்கள், போனில் சொல்ல வேண்டாம். அவர்கள் சரி என்ற பிறகு பிளகினில் ஏற்றுங்கள். ஏற்றியதும் ஒவ்வொரு ரோலுக்கும் ஒரு சோதனைக் கணக்கு உண்டாக்கி, அதில் நுழைந்து, பார்க்கக் கூடாததைப் பார்க்கவும் மாற்றக் கூடாததை மாற்றவும் முயன்று பாருங்கள். எங்காவது திறந்தால் எந்தப் பக்கம், எந்த ரோல் என்று குறித்து எனக்கு எழுதுங்கள்.